ஒளியின் ஒட்டு

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழ்வோர்க்கு வடத்தின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அறுந்த வடத்தின் இரு முனைகளையும் புரி பிரித்துப் பின்னி இறுக்கினால், அது மீண்டும் படகைத் தாங்கும்; பின்னிய இடம் சற்றுப் பருத்திருப்பினும் குறையில்லை. செய்தியை ஒளியாகச் சுமக்கும் கண்ணாடியிழையோ அத்தகைய ஒட்டை ஏற்பதில்லை.

தூய கண்ணாடி ஒளியை நெடுந்தூரம் கொண்டு செல்லவல்லது என்பதை 1966ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டியவர் சார்ல்ஸ் காவோ. அதற்காகவே 2009இல் நோபல் பரிசு பெற்றார். நல்ல இழையில் ஒரு கிலோமீற்றருக்கு 0.2 டெசிபெல், அதாவது நூற்றில் ஐந்து பங்கிற்கும் குறைவான ஒளியே குன்றுகிறது. ஆயின், நெடுந்தூர இழையில் ஒளி செல்லும் உள்ளகத்தின் விட்டம் ஏறக்குறைய 9 மைக்கிரோன். ஒரு மைக்கிரோன் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒட்டில் இரு உள்ளகங்களும் 1 மைக்கிரோன் விலகினாலே, ஒரு கிலோமீற்றர் இழையில் குன்றும் அளவு ஒளி அவ்விடத்திலேயே சிதறிவிடும். 2 மைக்கிரோன் விலகினால், டெசிபெல் கணக்கில் இழப்பு நான்கு மடங்காகும்.

கொழும்பிலிருந்து திருகோணமலை ஏறக்குறைய 260 கிலோமீற்றர். நான்கு கிலோமீற்றருக்கு ஓர் ஒட்டு என்று வைத்துக்கொண்டால், வழியில் 64 ஒட்டுகள். ஒவ்வொன்றிலும் 0.05 டெசிபெல் குன்றினால், ஒட்டுகளை மட்டும் கருதுமிடத்து ஏறக்குறையப் பாதி ஒளி எஞ்சும். 0.2 டெசிபெல் குன்றினாலோ இருபதில் ஒரு பங்கே எஞ்சும்.

பொருந்தா இழைகளை இணைப்பதும் இத்தகையதே. கட்டடங்களுக்குள் பயன்படும் இழைகளில் 62.5 மைக்கிரோன் உள்ளகம் உடையனவும் 50 மைக்கிரோன் உடையனவும் உண்டு. பெரியதிலிருந்து சிறியதற்குச் செல்லும் ஒளி, அகன்ற குழாயின் நீர் குறுகிய குழாயில் புகும்போது சிந்துவதுபோல் சிந்திவிடும். எதிர்த்திசையில் பெரிதும் சிந்தாது. ஒருபுறமிருந்து மட்டும் அளந்தால் குறை மறைந்துபோகவும் கூடும். இருபுறமும் அளந்து பார்ப்பதே முறை.

இழையைத் துடைத்து, முனையை நேராக வெட்டி, உள்ளகங்களை நேர்நிறுத்தி, மின்பொறியால் உருக்கி இணைப்பது சில நிமிட வேலை. ஆனால், 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கண்ட இக்கரைக்கு, உரிய வேளையில் வந்துசேரும் செய்தி உயிருக்கு நிகர். அந்தச் சில நிமிடப் பொறுமையில்தான் அச்செய்தியின் பாதுகாப்பு அடங்கியிருக்கிறது.