மிச்சமான பிளாக்கில் ஒரு ரயில் நிலையம்

(நம் சங்கத்தின் பொங்கல் கூட்டத்தில் பேசியது)



பூங்கா ஓரத்தில் ஓடும் சின்ன ரயிலைப் பார்த்திருப்பீர்கள். அதன் ஸ்டேஷன் கருங்கல்லா என்று பலர் கேட்டீர்கள். இல்லை. மோட்டார் ரூமுக்குப் பின்னால் மிச்சமாகக் கிடந்த ஏஏசி பிளாக்தான் அது. நம் வீட்டுச் சுவர்களில் இருக்கும் அதே பிளாக்.

சிமென்ட், சுண்ணாம்பு, அனல்மின் நிலையச் சாம்பல் எல்லாம் கலந்த குழம்பில் கொஞ்சம் அலுமினியப் பொடி சேர்ப்பார்கள். வாயு உண்டாகி, இட்லி மாவு போலப் பொங்கும். பிறகு இட்லி போலவே நீராவியில் வேகவைப்பார்கள். சுவீடன் நாட்டு ஆக்சல் எரிக்சன் 1920களில் கண்டுபிடித்த முறை இது. 600, 200, 100 மில்லிமீட்டர் அளவுள்ள பிளாக் காய்ந்த நிலையில் சுமார் 7 கிலோ. அதே அளவு கருங்கல் 30 கிலோவைத் தாண்டும். பிளாக்கை மரம் அறுக்கும் ரம்பத்தாலேயே அறுக்கலாம். பழைய ஸ்குரூடிரைவரால் கீறலாம். இங்கிலாந்தில் தோட்டத்தில் ரயில் விடுபவர்களும் இதே வகை பிளாக்கில் கட்டடம் செதுக்குகிறார்கள்.

பேங்கில் இருந்தவனுக்குக் கணக்கு விடுமா? நம் தண்டவாளத்தின் அகலம் 45 மி.மீ. பழைய மீட்டர்கேஜ் 1000 மி.மீ. ஆகவே நிஜ அளவைச் சுமார் 22.5ஆல் வகுக்க வேண்டும். 7 அடிக் கதவு 95 மி.மீ. ஆகும். ஒரு அடி நீளக் கல் சுமார் 13.5 மி.மீ. கதவு கொஞ்சம் பெரிதானாலும் கட்டடம் பொம்மை வீடாகிவிடும்.

நம் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021ல் புவிசார் குறியீடு கிடைத்தது தெரியும்தானே? என் முதல் சுவரை ஒரு சிற்பியிடம் காட்டினேன். "கோடு போடறப்பவே பாதி வேலை முடிஞ்சிடணும் சார்" என்றார். பார்த்தால், மேல் வரிசை இணைப்பும் கீழ் வரிசை இணைப்பும் நேர்க்கோட்டில் இருந்தன. எந்தக் கொத்தனாரும் அப்படிக் கட்டமாட்டார். இப்போது மேல் கல்லின் இணைப்பு கீழ்க் கல்லின் நடுவில் வரும்படி முதலில் பென்சிலால் வரைகிறேன். பிறகுதான் கீறல். கடைசியில் சில கற்களின் ஓரத்தை மட்டும் லேசாகத் தட்டி உடைப்பேன்.

இப்போது என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் மொட்டை மாடியில் உலர்வாகவே அறுத்தேன். இரண்டாவது மாடியிலிருந்து ஒரு தாய் வந்தார். "அங்கிள், துணியெல்லாம் தூசி. பாப்பாவுக்கு ஏற்கெனவே வீசிங் இருக்கு" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது. அந்தத் தூசியில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலில் தங்கிவிடும். அன்றோடு உலர் அறுப்பை நிறுத்தினேன். பிளாக்கை நனைத்து, என்95 மாஸ்க் போட்டு, யாரும் இல்லாத பின்பக்கத்தில் அறுக்கிறேன். துடைப்பம் தொடுவதில்லை, ஈரத்துணிதான். கழிவு நீரைச் சாக்கடையில் ஊற்றினால் அடைத்துக்கொள்ளும். வாளியில் படியவிட்டு, கசடைச் சாக்கில் கட்டுகிறேன். வீட்டில் பிளாக் சுவரை உடைத்து வேலை செய்பவர்களும் தயவுசெய்து இதைக் கவனியுங்கள்.

மழையும் ஒரு பாடம் சொன்னது. முதல் கட்டடத்தை மண்ணிலேயே வைத்தேன். ஈரத்தை உறிஞ்சிப் பாசி பிடித்து, அடி உதிர்ந்தது. இப்போது கீழே டைல்ஸ் துண்டு, மேலே வெளிச்சுவர் பிரைமர் இரண்டு கோட்.

கமிட்டியிடம் ஒரு வேண்டுகோள். மீதி பிளாக்குகளைக் குப்பை லாரியில் ஏற்றாதீர்கள். ஞாயிறு காலை ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறேன். அவர்கள் அளப்பதும் வரைவதும் வர்ணம் அடிப்பதும் மட்டும். அறுப்பதும் கீறுவதும் என் வேலை.

அடுத்து, கல்வராயன் மலையைப் பின்னணியாக வைத்து ஒரு பாலம் கட்ட ஆசை. சின்னசேலம் போய் ரயில் ஏறிய தலைமுறை நாங்கள். அதனால்தான் ஸ்டேஷன் பலகையில் 'கள்ளக்குறிச்சி' என்று எழுதினேன்.

அந்தப் பாப்பாதான் இப்போது எங்கள் ஸ்டேஷன் மாஸ்டர். பச்சைக் கொடி அவள் கையில்.