பாத்திரம் நமக்குப் பண்ணையாள் அல்ல

(இளம் எழுத்தாளர்களுக்கான நாவல் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



நாவல் எழுதப் போகிற தோழர்கள் பலர் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். ‘என்ன எழுதப் போறீங்க?’ என்று கேட்டால் உடனே பதில் வருகிறது. குடிசை எரிப்பு, பஞ்சமி நிலம், இரட்டைக் குவளை, ஆணவக் கொலை, விடுதியில் போடுகிற புழுத்த சோறு. எல்லாம் எழுத வேண்டியதுதான். ‘யாரை எழுதப் போறீங்க?’ என்று கேட்டால்தான் தடுமாற்றம். ‘ஒரு தலித் இளைஞன்’ என்கிறீர்கள். அது ஆள் இல்லை தோழர், சாதிச் சான்றிதழ். அந்தச் சான்றிதழை ஆளாக்குவது எப்படி? முதல் வரியை எழுதும் முன்பே அந்த ஆளைப் பற்றி நாம் எவ்வளவு தெரிந்துவைத்திருக்க வேண்டும்? இன்றைக்கு இதைத்தான் பேசப் போகிறேன்.

‘நம்ம சனங்களை நமக்குத் தெரியாதா, உட்கார்ந்தா தானா வந்துட்டுப் போகுது’ என்று ஒரு பேச்சு உண்டு. தெரியும் என்கிற நினைப்புதான் பெரிய தடை. எமிலி ஜோலாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1884 பிப்ரவரியில் பிரான்சின் வடக்கே அன்சேன் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலைநிறுத்தம் வெடித்தபோது அங்கே போனார். சுரங்கத்துக்குள் இறங்கினார். தொழிலாளர் குடியிருப்புகளைச் சுற்றி, கண்டதையெல்லாம் குறித்துக்கொண்டார். ‘ஜெர்மினல்’ நாவலுக்காக ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனித்தனித் தாள் போட்டு வயது, உடம்பு, குணம், குடும்பம் என்று எழுதிவைத்தார். அதற்குப் பிறகுதான் நாவல். அதில் போன்மோர் என்று ஒரு கிழவன் வருகிறான். எட்டு வயது நிரம்பும் முன்பே சுரங்கத்துக்குள் இறங்கியவன். ஐம்பத்தெட்டு வயதில் இருமி இருமிக் கறுப்பாகத் துப்புகிறான். சுரண்டல் என்று நாம் பத்துப் பக்கம் எழுதினாலும் அந்த எச்சில் சொல்வதைச் சொல்ல முடியாது. 1902இல் ஜோலாவின் இறுதி ஊர்வலத்தில் சுரங்கத் தொழிலாளர்கள் ‘ஜெர்மினல், ஜெர்மினல்’ என்று முழங்கிக்கொண்டே நடந்தார்கள். அவர் வெளியாள், தெரியாது என்பதால் போய்ப் பார்த்தார். நாம் உள்ளே இருக்கிறோம் என்பதாலேயே பார்க்காமல் எழுதிவிடுகிறோம்.

ஆகவே ஒரு நோட்டு போடுங்கள். ஒரு ஆளுக்கு ஒரு நோட்டு. நாற்பது பக்கம் போதும்.

முதலில் பேர். ஒரு பெண்ணை வைத்துக்கொள்வோம். நாற்பத்தைந்து வயது, நகராட்சியில் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி. தெருவில் கிளியம்மா. ஞானஸ்நானப் பதிவேட்டில் ஆரோக்கியமேரி. சாதிச் சான்றிதழில் கிளியம்மாள், இந்து. ஒரே ஆளுக்கு ஏன் இத்தனை பேர்? 1950ஆம் ஆண்டு ஆணைப்படி பட்டியல் சாதிக்கான உரிமை இந்துக்களுக்கு மட்டும்தான் இருந்தது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறித்தவர் இன்றும் வெளியேதான். மகனுக்குச் சான்றிதழ் வேண்டும், மகளுக்குக் கோயிலில் கல்யாணம் நடக்கவேண்டும் என்றால் இவள் எந்தப் பேரோடு எந்த வாசலில் நிற்பாள்? பாருங்கள், பேரை எழுதும்போதே கதை பாதி வந்துவிட்டது.

இரண்டாவது, யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு பட்டியல். மேஸ்திரி இவளை என்னவென்று கூப்பிடுகிறான்? ‘ஏ கிளி’யா, ‘ஏம்மா’வா, வெறும் விரல் சொடக்கா? குப்பை வாங்கப் போகிற வீட்டுப் பத்து வயசுப் பையன் ‘வா, போ’ என்கிறானா? கூட வேலை செய்கிற சின்னப் பெண்ணுக்கு இவள் அக்காவா, சித்தியா, அத்தையா? புருசனை இவள் எப்படிக் கூப்பிடுகிறாள்? நம்ம மொழியில் சாதியும் வயசும் ஆண் திமிரும் முதலில் உட்கார்ந்திருப்பது விளியில்தான். நாவலில் எந்த இடத்தில் ஒரு விளி மாறுகிறதோ, அங்கே ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம். இருபது வருசம் ‘சாமி’ என்று கூப்பிட்ட வாய் ஒருநாள் ‘சார்’ என்கிறது. அந்த ஒரு நாளுக்காகவே ஒரு நாவல் எழுதலாம். இன்னொன்று: எழுதுகிற நீங்கள் இவளை ‘அவள்’ என்பீர்களா, ‘அவர்’ என்பீர்களா? இதையும் முன்கூட்டியே யோசித்து முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது, காசும் வேலையும். சம்பளம் எந்தத் தேதியில் வருகிறது, எவ்வளவு பிடித்துக்கொண்டு கொடுக்கிறார்கள்? தண்டல்காரன் எந்தக் கிழமை வருவான், குழுக் கடன் எத்தனை தவணை பாக்கி? விடியற்காலை எத்தனை மணிக்கு வேலைக்குப் பேர் கொடுக்க வேண்டும், அதற்கு எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாள்? கையுறை கொடுத்தார்களா, கொடுத்ததை ஏன் போடாமல் வீட்டில் வைத்திருக்கிறாள்? இதெல்லாம் கற்பனையில் வராது. போய்க் கேட்க வேண்டும்.

நான்காவது, ஆசை. நம்ம கைப்பிரதிகளில் காணாமல் போகிற பக்கம் இதுதான். அடி வாங்கினான், அழுதான், எரிந்தான், எழுந்தான் என்று மற்றவர் செய்ததெல்லாம் வரிசையாக வருகிறது. அவனுக்கு என்ன வேண்டும் என்பது மட்டும் வருவதில்லை. முல்க்ராஜ் ஆனந்த் 1935இல் வெளியிட்ட ‘அன்டச்சபிள்’ நாவலில் பாக்கா என்கிற பதினெட்டு வயசுப் பையன், துப்புரவுத் தொழிலாளியின் மகன். அந்த நாவலின் அரசியல் மேல் நமக்கு ஆயிரம் விமர்சனம் இருக்கலாம், அது வேறு. ஆனால் பாக்காவுக்கு வெள்ளைக்காரச் சிப்பாய் மாதிரி உடுத்த ஆசை, ஹாக்கி மேல் ஆசை, படிக்க ஆசை. பாபு வீட்டுப் பையனிடம், பாடம் சொல்லிக் கொடு, பாடத்துக்கு ஒரு அணா தருகிறேன் என்று பேரம் பேசுகிறான். அதனால்தான் தெருவில் அவன்மேல் விழுகிற அறை நம்மேலும் விழுகிறது. ஆசை இல்லாத உடம்பில் விழுகிற அடி வெறும் செய்தி. கிளியம்மாவுக்குச் சாதி ஒழிய வேண்டும் என்பது தவிர வேறு ஏதாவது வேண்டும். மாடியில் இருந்து கடலைப் பார்க்க ஆசையா? மகளுக்குக் கொலுசா? புருசனைத் தவிர வேறு ஒருத்தர் மேல் பிரியமா? எழுதுங்கள்.

இங்கே ஒரு தோழர் கேட்கலாம்: ‘உண்மையாகவே நடந்ததை எழுதினா இதெல்லாம் எதுக்கு? அந்த ஆளையே எழுதிட்டாப் போகுது.’ டோனி மாரிசன் என்ன செய்தார் என்று பாருங்கள். மார்கரெட் கார்னர் 1856இல் கென்டக்கியில் இருந்து தப்பி, உறைந்து கிடந்த ஓஹியோ ஆற்றைக் கடந்து சின்சினாட்டிக்கு வந்த அடிமைப் பெண். பிடிக்க வந்தவர்கள் வீட்டைச் சூழ்ந்ததும், பிள்ளை மறுபடி அடிமையாகக் கூடாது என்று தன் பெண் குழந்தையைக் கொன்றாள். கொலைக் குற்றவாளியாக விசாரிப்பதா, சொத்தாகத் திருப்பி ஒப்படைப்பதா என்று வழக்கு நடந்தது. கடைசியில் எசமானிடமே அனுப்பினார்கள். பதிப்பாசிரியராக இருந்த மாரிசன், 1974இல் வெளிவந்த ‘தி பிளாக் புக்’ தொகுப்பு வேலையின்போது இந்தச் செய்தியைக் கண்டெடுத்தார். ஆனால் ‘பிலவட்’ எழுதும்போது மார்கரெட்டின் வாழ்க்கையை மேற்கொண்டு தோண்டவில்லை, வேண்டுமென்றே. அந்தக் காலத்தைத் தேடினார். ஆளைத் தானே உண்டாக்கினார். 1987இல் வந்த அந்த நாவலில் செதே அடிமைத்தனத்துக்குத் திரும்புவதில்லை. பதினெட்டு வருசம் கழித்தும் அதே சின்சினாட்டியில், செய்த காரியத்தோடு, செத்த பிள்ளையின் ஆவியோடு ஒரே வீட்டில் இருக்கிறாள். நீதிமன்றம் கேட்காத கேள்வியை நாவல் கேட்டது.

வெண்மணி, மேலவளவு என்று எழுத நினைக்கிற தோழர்களுக்கு இதில் பாடம் உண்டு. உண்மை அறியும் குழுவின் அறிக்கையில் பேர் இருக்கும், வயது இருக்கும், காயம் இருக்கும். அறிக்கை நமக்கு ஆயுதம். அதில் ஒரு எழுத்தையும் மாற்றக் கூடாது. நாவல் அறிக்கை முடிகிற இடத்தில் தொடங்குகிறது. செத்தவர்கள் பேரை வைத்துக்கொண்டு அவர்கள் மனசுக்குள் நம் வசனத்தைத் திணிக்க நமக்கு உரிமை இல்லை. காலத்தையும் ஊரையும் வேலையையும் தேடுங்கள். ஆளை மட்டும் புதிதாக உண்டாக்குங்கள்.

ஐந்தாவது, தப்பு. இதுதான் சண்டை வருகிற பக்கம். சிவகாமியின் ‘பழையன கழிதலும்’ 1989இல் வந்தது. காத்தமுத்து, தலித் தலைவர். ஆதிக்கச் சாதியாரிடம் அடிபட்டு வந்த தங்கத்துக்காக ஆவேசமாக வழக்காடுகிறார். ஏற்கெனவே இரண்டு மனைவிகள் உள்ள வீட்டில் அதே தங்கத்தைத் தனக்காக வைத்தும் கொள்கிறார். மகள் கௌரி பார்த்துக்கொண்டிருக்கிறாள். 1994இல் இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ வந்தது. ஆரோக்கியம், சேரி மக்களுக்குத் துணி வெளுக்கிறவள். அவளை ஏய்க்கிறவர்கள் நாமே. இரண்டு நாவலுக்கும் நம் பக்கமிருந்தே கோபம் வந்தது. ‘எதிரி படிச்சா என்ன சொல்வான்?’ எதிரிக்கு நாம் எதையும் எழுதிக்கொடுக்கத் தேவையில்லை, அவன் பேச வேண்டியதை ஏற்கெனவே பேசிக்கொண்டுதான் இருக்கிறான். காத்தமுத்துவைக் குறையில்லாமல் செய்திருந்தால் தங்கத்தின் நியாயத்தை யார் பேசுவது? சிவகாமி பிறகு ‘ஆசிரியர் குறிப்பு’ என்று இன்னொரு பிரதியே எழுதினார். நாவலாசிரியர் ஊருக்குத் திரும்பிப்போய், தான் படைத்த மனிதர்களை மறுபடி விசாரிக்கிறார். படைத்தவரே பாத்திரத்துக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்று இதற்குமேல் எப்படிக் காட்டுவது?

குறையே இல்லாத தலித்தும் பொய், குமுறிக்கொண்டே இருக்கிற தலித்தும் பொய். ‘நீ நல்லவனா இரு, நான் சொல்ற இடத்தில் அழு, கடைசி அத்தியாயத்தில் அரிவாளைத் தூக்கு’ என்று சொல்லி ஒருவனை வேலை வாங்கினால் அவன் பாத்திரம் இல்லை, நம்ம பண்ணையாள். பண்ணையாள் முறையை எதிர்க்கிற நாம் காகிதத்தில் பண்ணையம் நடத்தலாமா?

எதிரிக்கும் ஒரு நோட்டு போடுங்கள். மீசை, புல்லட், வெள்ளை வேட்டி போதாது. அவன் மகளுக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரி முழுக்க விழித்திருப்பான். கோயிலுக்கு மொட்டை போடுவான். மக்கள் மனிதத்தன்மை அற்றவர்கள் என்பதால் சாதியைக் கடைப்பிடிக்கவில்லை, ஆழ்ந்த மதப்பற்றினால் கடைப்பிடிக்கிறார்கள் என்று 1936இலேயே ‘சாதி ஒழிப்பு’ நூலில் அம்பேத்கர் எழுதிவிட்டார். பாசக்கார அப்பன்தான் மகளைக் கொல்கிறான். அந்தப் பாசத்தை எழுதாமல் அந்தக் கொலையை எழுத முடியாது.

கடைசியாக ஒன்று. நாற்பது பக்க நோட்டில் முப்பது நிறைந்தால் போதும். மீதியை வெள்ளையாக விடுங்கள். எழுதும்போது கிளியம்மா நீங்கள் போட்ட திட்டத்துக்கு மாறாக ஏதாவது செய்வாள். அப்போது நோட்டைக் காட்டி அவளை இழுத்துவராதீர்கள். அவளை அங்கே போகவிட்டு, ஏன் போனாள் என்று அந்த வெள்ளைப் பக்கத்தில் எழுதுங்கள்.

அடுத்த அமர்வுக்கு முதல் அத்தியாயம் வேண்டாம். ஆளுக்கு ஒரு நோட்டு மட்டும் கொண்டுவாங்க. யாருக்கு ‘ஆசை’ப் பக்கம் காலியாக இருக்கிறதோ, அவங்ககிட்ட இருந்தே பேச்சை ஆரம்பிப்போம்.