வாங்காத கையும் வணங்காத தலையும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

ஒரு கீற்றுக் கொட்டகையில் மாலை வகுப்பாகத் தொடங்கிய நம் சங்கம் இன்று வெள்ளி விழாக் காண்கிறது. இந்நன்னாளில் கல்வியைப் பற்றிப் பேசுவோர் பலர் உளர். நாம் வேறொரு பொருளை எடுத்துக் கொண்டோம். அதற்குக் காரணம் உண்டு. அடுத்த ஊராட்சித் தேர்தல் எப்பொழுது வரினும் அதில் நிற்கப் போவதாக இச்சங்கத்து இளைஞர் மூவர் இவ்வாண்டில் எம்மிடம் வந்து கூறினர். கேட்டு மகிழ்ந்தோம். ஆனால் மூவரும் தனித்தனியே வந்து கேட்ட வினா ஒன்றே: “செலவுக்கு யாரைப் பார்ப்பது, ஐயா?” அவ்வினாவுக்கு விடையே இவ்வுரை.

அரசு ஊழியராகிய நாம் எக்கட்சிக்கும் எவ்வேட்பாளருக்கும் ஆதரவு தேடலாகாது; தேடவும் இல்லை. பல தேர்தல்களில் வாக்குச் சாவடித் தலைமை அலுவலராகப் பணியாற்றியவர் என்ற முறையிலும், இன்று வேட்பாளராகும் பலரைச் சிறுவராக வகுப்பறையில் கண்டவர் என்ற முறையிலுமே பேசுகிறோம்.

முதலில் தொலைதூர நாடொன்றில் நடந்ததைக் கேளுங்கள். அமெரிக்காவில் விஸ்கான்சின் என்றொரு மாநிலம். அங்கிருந்து செனட் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் வில்லியம் பிராக்ஸ்மையர். கோடிக்கணக்கான டாலர் தேர்தலில் புரளும் அந்நாட்டில், 1976ஆம் ஆண்டுத் தேர்தலில் எவரிடமும் நன்கொடை பெறுவதில்லை என்று அவர் உறுதி பூண்டார். அத்தேர்தலில் அவர் செலவிட்ட தொகை 177 டாலர் 75 சென்ட். 1982இல் மீண்டும் நின்றபொழுது செலவு 145 டாலர் 10 சென்ட். அச்சிறு தொகையிலும் பெரும்பகுதி எதற்குச் சென்றது தெரியுமா? கேளாமலே பணம் அனுப்பியவர்களுக்கு அதனைத் திருப்பி அனுப்பும் அஞ்சற் செலவுக்கு! இரு தேர்தல்களிலும் அவர் பெருவெற்றி பெற்றார்.

பணமின்றி எங்ஙனம் வென்றார்? ஆலை வாயில்களிலும் சந்தைகளிலும் விளையாட்டுத் திடல்களிலும் நின்று, வருவோர் போவோரின் கையைப் பற்றிக் குலுக்கி, தம் பெயரைக் கூறி, அவர் குறை கேட்டார். அதனைத் தேர்தல் காலத்தில் மட்டுமன்றி ஆண்டு முழுவதும் செய்தார். சபையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கெடுப்புகளில் ஒன்றையும் தவறவிடாது தொடர்ந்து கலந்து கொண்டார். இன அழிப்பைத் தடுக்கும் உலக உடன்படிக்கையை அமெரிக்கா ஏற்க வேண்டுமென 1967 முதல் சபை கூடிய நாள்தோறும் பேசினார். மூவாயிரம் பேச்சுகளுக்கும் மேல் பேசிய பின்னர், 1986இல் அச்சபை அதனை ஏற்றது. அவரை “இதைப் பேசாதே” என்று தடுக்க எவருக்கும் உரிமை இருக்கவில்லை. எவருடைய பணமும் அவர் பையில் இல்லை.

இளைஞர்களே, இக்கதையைக் கேட்டவுடன் கை தட்டிவிட்டு வீடு செல்லாதீர்கள். ஆசிரியர் எனின் மறுபக்கத்தையும் கூறல் வேண்டும். பிராக்ஸ்மையர் செல்வம் மிக்க மருத்துவர் ஒருவரின் மகன். பெரும் பல்கலைக்கழகங்களில் பயின்றவர். 1952, 1954, 1956 ஆகிய மூன்று ஆண்டுகளில் ஆளுநர் பதவிக்கு நின்று தோற்று, 1957இல்தான் செனட் சபைக்குள் நுழைந்தார். நன்கொடை பெறாது நின்ற முதல் தேர்தல், அவர் பத்தொன்பது ஆண்டுகள் அப்பதவியில் இருந்த பின்னர் வந்தது. ஆகவே, “அவரால் இயலும், கூலிக்காரன் மகனாகிய என்னால் இயலுமா?” என்று நீங்கள் கேட்பின், அது நியாயமான கேள்வியே.

அக்கேள்விக்கு விடையாக அதே நாட்டின் இன்னொருவரைக் காட்டுகிறோம். புளோரிடா மாநிலத்தின் லாட்டன் சைல்ஸ் 1970இல் செனட் சபைக்கு நின்றபொழுது மாநிலம் முழுவதும் அறிந்தவர் அல்லர். கையிலும் மிகுந்த பணமில்லை. அவர் மாநிலத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஏறத்தாழ 1,000 மைல் தொலைவை மூன்று மாத காலம் நடந்தே கடந்தார். வழியில் கண்டவரிடமெல்லாம் பேசினார், வென்றார். 1990இல் அம்மாநில ஆளுநர் பதவிக்கு நின்றபொழுது, ஒருவரிடம் 100 டாலருக்கு மேல் வாங்குவதில்லை என வரம்பு வைத்துக் கொண்டு, பதவியில் இருந்தவரையே வென்றார். அங்கு ஆளுநரும் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர் என்பதை நினைவிற் கொள்க.

ஆகவே நாம் அறிவது இது: பணத்தை மறுக்க விரும்புபவன் பணத்தினும் பெரிய முதல் ஒன்றை முன்கூட்டியே சேர்த்திருக்க வேண்டும். அம்முதல் மக்களின் நம்பிக்கை. அதனைக் காலால் நடந்து சேர்க்கலாம். கடனாக வாங்க இயலாது.

இனி நம் ஊருக்கு வருவோம். நமக்குத் தனித் தொகுதியும் தனி ஊராட்சியும் சட்டம் அளித்தது. ஆனால் அவ்விருக்கையில் அமர நம்மவர் கொடுத்த விலையை மறத்தலாகாது. 1996இல் மேலவளவு ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன் 1997 சூன் 30ஆம் நாள் படுகொலை செய்யப்பட்டார், உடனிருந்தோரும் மாண்டனர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளில் 1996 முதல் 2006 வரை பத்தாண்டுக் காலம் முறையான தலைவர் இல்லை. பிறர் நிறுத்திய நம்மவர் சிலர் வென்றதும், உடனே பதவி விலகல் கடிதம் கொடுக்குமாறு செய்யப்பட்டனர். அரிவாள் ஒரு வழி. பணம் மற்றொரு வழி. அரிவாளால் தடுக்க முடியாத இடத்தில் பணம் கொடுத்து ஒருவனை நிறுத்தி, அவன் பெயரில் வேறொருவர் ஆள்வதை நாம் பல ஊர்களிற் காண்கிறோம்.

ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறோம். ஊரும் பேரும் வேண்டா. எம்மிடம் பயின்ற ஒருவர் தனி ஊராட்சி ஒன்றில் தலைவர் பதவிக்கு நின்றார். நல்லவர்; படித்தவர். வைப்புத் தொகை, துண்டறிக்கை, ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ, வேலை செய்தவர்களுக்குச் சாப்பாடு ஆகிய யாவற்றையும் அவ்வூர் நிலக்கிழார் ஒருவர் ஏற்றுக் கொண்டார். நம்மவர் வென்றார். நம் காலனிக்குச் சுடுகாட்டுப் பாதை வேண்டும். பாதைக்குரிய புறம்போக்கு நிலம் அந்நிலக்கிழாரின் வயலோடு சேர்ந்து விட்டிருந்தது. மழைக் காலத்தில் முழங்கால் சேற்றில் பிணத்தைச் சுமந்தோம். ஐந்தாண்டுகளில் ஒருமுறையேனும் ஊராட்சிக் கூட்டத்தில் அப்பாதை பற்றித் தீர்மானம் வரவில்லை.

ஒரு நாள் மாலை அவர் எம் வீட்டுக்கு வந்தார். “ஐயா, அவர் என்னை ஒரு சொல்கூட மிரட்டியதில்லை. போனால் நாற்காலி போட்டு உட்கார வைக்கிறார். காப்பி கொடுக்கச் சொல்கிறார். எங்கள் அப்பா அந்த வாசலில் நின்றபடியே கூலி வாங்கியவர். அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் எனக்கு நாக்கு எழவில்லை” என்று கூறிக் கண் கலங்கினார். பதவிக் காலம் முடிந்த பின்னர், அதே பாதைக்காக மாவட்ட ஆட்சியருக்கு நாம் எழுதிய மனுவில் முதற் கையொப்பம் இட்டவர் அவரே. தலைவராக இருந்தபொழுது இட முடியாத கையொப்பத்தைச் சாதாரணக் குடிமகனாக வந்து இட்டார். நாம் அவரைக் குறை கூறவில்லை. ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்று நம் தாய்மார் நமக்குச் சோற்றோடு ஊட்டி வளர்த்திருக்கின்றனர். நன்றி மறவாமை நம் குணம். அக்குணம் நம்மிடம் இருக்கும்பொழுது யாருடைய உப்பைத் தின்கிறோம் என்று பார்த்துத் தின்ன வேண்டாமா?

நாட்டின் உச்ச நீதிமன்றமும் இதனையே வேறு வகையில் கூறிற்று. கொடுத்தவர் பெயர் வெளிவராமல் கட்சிகளுக்குப் பணம் தர வழி செய்த தேர்தல் பத்திரத் திட்டம் 2018இல் நடைமுறைக்கு வந்தது. கட்சிக்கு யார் பணம் கொடுத்தார் என்று அறியும் உரிமை வாக்காளனுக்கு உண்டு எனக் கூறி, 2024 பிப்ரவரி 15ஆம் நாள் அத்திட்டத்தை நீதிமன்றம் செல்லாததாக்கியது. தில்லியில் கோடிகளுக்குப் பொருந்துவது நம் ஊரில் ஆயிரங்களுக்கும் பொருந்தும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். சட்டமன்றத்துக்கு நிற்போர் செலவிடத்தக்க வரம்பு 2022 முதல் நம் மாநிலத்தில் 40 இலட்சம் ரூபாய். அதனைக் கண்டு மலைக்க வேண்டா. அங்கிருந்து தொடங்கவும் வேண்டா. 2019ஆம் ஆண்டு ஊராட்சித் தேர்தலில், தாழ்த்தப்பட்ட வகுப்பினர் கட்ட வேண்டிய வைப்புத் தொகை வார்டு உறுப்பினர்க்கு 100 ரூபாய். ஊராட்சித் தலைவர்க்கு 300 ரூபாய். செலவு வரம்பு உறுப்பினர்க்கு 9,000, தலைவர்க்கு 34,000. அதற்கு மேற்செலவிடுவது விதிமீறல். 340 வீடுகள் வீட்டுக்கு 100 ரூபாய் தந்தால் உச்ச வரம்பே நிரம்பி விடுகிறது! வார்டு முழுவதையும் ஒரு வாரத்தில் நடந்தே கடந்து விடலாம். ஆயிரம் மைல் வேண்டுவதில்லை.

“வீட்டுக்கு நூறு வாங்குவதும் நன்கொடைதானே?” என்பீர்கள். நம் திருமணங்களில் மொய் எழுதுகிறோம். குறிப்பேட்டில் பெயரும் தொகையும் எல்லோரும் காண எழுதப்படுகின்றன. அவ்வாறே வீட்டுக்கு ஒரே தொகை. அதற்கு மேல் தருபவர்க்கு மீதியைத் திருப்பிக் கொடுத்தல். தேர்தல் முடிந்ததும் காலனி நடுவே வரவு செலவைப் படித்தல். அப்பொழுதும் கடன்பட்டவனே ஆவாய். ஆனால் ஒருவனுக்கன்று, ஊருக்குக் கடன்பட்டவன் ஆவாய். அக்கடனைச் சுடுகாட்டுப் பாதையாகவும் குடிநீர்க் குழாயாகவும் தீர்க்கலாம்.

இஃது இயலுமா என்பார்க்கு நம் சங்கமே சான்று. பல ஆண்டுகளுக்கு முன்னர்ச் செல்வர் ஒருவர் நம் படிப்பகக் கட்டடத்தை முழுமையாகக் கட்டித் தர முன்வந்தார். நிபந்தனை ஒன்றே: நம் கொட்டகையில் குறைந்தபட்சக் கூலியைப் பற்றிக் கூட்டம் நடத்தலாகாது. நிருவாகக் குழு நன்றி கூறி மறுத்தது. மாதச் சந்தாவிலிருந்து கட்டி முடிக்க மேலும் நான்கு ஆண்டுகள் ஆயின. அந்நான்கு ஆண்டுகளும் மழையில் ஒழுகிய கூரையின் கீழ்ப் படித்தோர் சிலர் இன்று இம்மேடையில் அமர்ந்திருக்கின்றனர். கூலிக் கூட்டம் ஒருமுறையும் நிற்கவில்லை.

தாய்மார்களே, பெரியோர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். வாங்காத வேட்பாளனால் வாக்குக்குப் பணம் கொடுக்க இயலாது. வாக்காளர்க்குப் பணம் கொடுக்க முயன்றதன் காரணமாக 2017இல் இராதாகிருட்டிணன் நகர் இடைத்தேர்தலும், 2019இல் வேலூர் நாடாளுமன்றத் தேர்தலும் நிறுத்தப்பட்டதை நாடே கண்டது. நம் வீட்டுப் பிள்ளை வாக்குக் கேட்டு வரும்பொழுது, “மற்றவர் ஐந்நூறு கொடுத்தார், நீ என்ன தருவாய்?” என்று கேட்டால், அவனை அந்நிலக்கிழாரின் வாசலுக்கு நாமே அனுப்பி வைக்கிறோம். அங்கு அவன் எதை அடகு வைத்துப் பணம் பெறுவான்? நம் சுடுகாட்டுப் பாதையைத்தான்.

இளைஞர்களே, நேர்மையாக நின்றால் வெற்றி உறுதி என்று நாம் கூறமாட்டோம். அரசியல் சட்டம் வகுத்த அண்ணல் அம்பேத்கர், முதற் பொதுத் தேர்தலில் வடக்குப் பம்பாய்த் தொகுதியிலும், 1954இல் பண்டாரா இடைத்தேர்தலிலும் தோற்றார். அவரை வென்றவர்களின் பெயரை இன்று எத்தனை பேர் அறிவர்? தோல்வி ஐந்தாண்டில் ஆறும். விற்ற நாவை மீட்பது கடினம்.

எம்மிடம் வந்த மூவர்க்கும் இதுவே எமது விடை: “செலவுக்கு யாரைப் பார்ப்பது” என்று கேட்டீர்கள். நாளைக் காலை முதல் வார்டில் ஒவ்வொரு வீட்டையும் பாருங்கள். முதியோர் உதவித்தொகை வராத பாட்டிக்கு மனு எழுதிக் கொடுங்கள். சாதிச் சான்றிதழ் கிடைக்காத மாணவனோடு வட்டாட்சியர் அலுவலகம் செல்லுங்கள். ஊராட்சி வரவு செலவைக் கிராம சபையில் எழுந்து நின்று கேளுங்கள். தேர்தல் வரும்பொழுது அவ்வீடுகள் நூறு ரூபாயும் தரும், வாக்கும் தரும். தராவிடின், இன்னும் நடக்க வேண்டிய தொலைவு உண்டு என்று அறிந்து மேலும் நடங்கள்.

வென்ற பின்னர் ஒரு நாள் அந்நிலக்கிழாரின் வீட்டுக்கு நீங்கள் செல்ல நேரும். அவர் நாற்காலி போடுவார். தயங்காது அமருங்கள். அமர்ந்து, பாதையைப் பற்றிப் பேசுங்கள்.