நத்தார் விளக்குகளும் நகரத்து விருந்து மேசையும்



பண்டிகையொன்று அணுகுகின்றது என்பதை நம் கிராமத்தவர் மணத்தினால் அறிவர். அயல்வீட்டு அடுப்பிலே பலகாரம் வேகும்போதே நாள் நெருங்கிவிட்டது என்பது குழந்தைகளுக்கும் விளங்கிவிடும். கொழும்பு மாநகரத்திலோ அதனைக் கண்ணினால் அறிகின்றோம். மார்கழி மாதம் பிறந்ததும் பெரிய விடுதிகளும், உணவுச் சாலைகளும், சிறிய தேநீர்க் கடைகளுங்கூடத் தத்தம் வாயில்களில் ஒளி நட்சத்திரங்களைத் தொங்கவிடுகின்றன. அவற்றுட் சிலவற்றை இன்று உங்களுடன் சேர்ந்து சுற்றிப் பார்க்க விரும்புகின்றேன்.

நான் ஓர் அரசாங்கப் பாடசாலையின் அதிபர். விருந்து மண்டபங்களில் நாள்தோறும் உண்பவனல்லன். ஆண்டிறுதி விடுமுறையில் கொழும்பிலுள்ள மகளின் வீட்டுக்குச் செல்லும்போது, ஒரு பிற்பகலில் இல்லாளையும் அழைத்துக்கொண்டு பஸ் வண்டியேறி, கோட்டையிலிருந்து வெள்ளவத்தை வரை நத்தார் அலங்காரங்களைப் பார்த்து வருவது சில ஆண்டுகளாக எங்கள் வழக்கம். பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. உண்பதற்கு மட்டுமே உண்டு. எனவே பல இடங்களைப் பார்த்து, ஓரிடத்தில் மட்டும் உண்போம்.

கோட்டையிலே முதலிற் காணத் தக்கது பழைய ஒல்லாந்தர் வைத்தியசாலை. பதினேழாம் நூற்றாண்டில், ஒல்லாந்தக் கம்பெனியின் பணியாளரும் கப்பலோட்டிகளும் சிகிச்சை பெறுவதற்கென எழுந்த கட்டடம் இது. தடித்த சுவர்களும், பாரிய தேக்குமர உத்தரங்களும், திறந்த முற்றங்களும் உடையது. 1996 ஆம் ஆண்டு ஜனவரி 31 ஆம் திகதி மத்திய வங்கியில் குண்டு வெடித்துப் பலர் மாண்டது இதன் அயலிலேதான். பின்னர் இக்கட்டடம் திருத்தியமைக்கப்பட்டு, 2011 டிசம்பரில் உணவுச் சாலைகளும் கடைகளும் நிறைந்த இடமாகத் திறக்கப்பட்டது. கிரிக்கெட் வீரர்களாகிய மஹேல ஜயவர்தனவும் குமார் சங்கக்காரவும் பங்குகொண்டு தொடங்கிய நண்டு உணவகம் அமைந்ததும் இங்கேதான். நோயாளிகள் படுத்திருந்த தாழ்வாரங்களில் இன்று மாலை நேரத்து மின்விளக்குகள் கொடியாய்ப் படர்ந்திருக்கக் காண்கின்றோம். முற்றத்தில் சிறிது நேரம் நின்று பாருங்கள். அங்கு நிற்பதற்கு எவரும் பணம் கேட்பதில்லை.

அங்கிருந்து துறைமுகப் பக்கம் நடந்தால், 1875 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கிராண்ட் ஓரியன்டல் விடுதி எதிர்ப்படும். கப்பலிலே வந்திறங்கிய பயணிகள் முதன்முதலிற் கால்வைத்த விடுதி அது. உருசிய எழுத்தாளர் அன்ரன் செக்கோவ் 1890 ஆம் ஆண்டில் அங்கு தங்கினார். அதன் மேல்மாடி உணவறையில் ஒருமுறை தேநீர் அருந்தியபடி துறைமுகத்தை நோக்கினேன். நங்கூரமிட்ட கப்பல்களின் விளக்குகள் நீரிலே நடுங்கிக்கொண்டிருந்தன. உள்ளே சோடித்து வைத்திருந்த மரத்திலும் அழகாக எனக்குத் தோன்றியது அக்காட்சியே.

பின்னர் காலிமுகத் திடல். அதன் தென் எல்லையிலே 1864 ஆம் ஆண்டு முதல் காலிமுக விடுதி நிற்கின்றது. சூயஸ் கால்வாய் திறக்கப்படுவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னரே தோன்றிய விடுதி அது என்றால் அதன் பழைமை விளங்கும். கடலை நோக்கிய அதன் திறந்த தளம் சதுரங்கப் பலகையைப் போலக் கட்டம் கட்டமாய் அமைந்தது. நத்தார்க் காலத்தில் அதன் படிக்கட்டருகே உயர்ந்த மரமொன்று நிற்கும். அப்பால் அலையோசை கேட்கும். பனியைப் போலப் பஞ்சு ஒட்டிய மரமும் உப்புக்காற்று வீசும் கடலும் ஒரே பார்வையில் அடங்குவது நம் நாட்டு நத்தாருக்கே உரிய காட்சியாகும்.

நேயர்களே, அலங்காரத்தைப் பார்த்த கண்களுக்கு அடுத்து மேசையையும் காட்ட வேண்டுமல்லவா? நமது நத்தார் மேசை ஒரு சரித்திரப் புத்தகம் போன்றது. "நத்தார்" என்ற சொல்லே போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது. நாம் நாளாந்தம் உண்ணும் "பாண்" என்ற சொல்லும் அவர்கள் விட்டுச் சென்றதே. அடுத்து வந்த ஒல்லாந்தரின் நினைவாக இருப்பவை இரண்டு. ஒன்று, புளிக்கவைத்த மாவில் முந்திரிகை வற்றல் சேர்த்து, மடிப்புள்ள அச்சிலே வேகவைக்கும் புரோடர் என்னும் கேக். நத்தார்க் காலைப் போசனத்தில் வெண்ணெயும் பாற்கட்டியும் சேர்த்து அதனை உண்பது பறங்கியர் வழக்கம். மற்றது லம்பிரைஸ், இறைச்சிச் சாற்றில் வேகவைத்த சோறும், கறியும், கத்தரிக்காய்ப் பிரட்டலும், இறைச்சி உருண்டையும் வாழையிலையில் ஒன்றாகப் பொதிந்து சூடேற்றப்படுவது. தும்முல்லைச் சந்திக்கு அண்மையில், 1908 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஒல்லாந்தப் பறங்கியர் சங்கத்தின் இல்லம் இருக்கின்றது. அங்குள்ள சிற்றுண்டிச்சாலையில் லம்பிரைஸ் பொதியை அவிழ்க்கும்போது எழும் மணத்தை நான் வருணிக்கப் புகவில்லை.

பிரித்தானியர் வான்கோழியையும் பிளம் புடிங்கையும் தந்து சென்றனர். அவர்கள் தந்த கேக்கையோ நம்மவர் தம் கைப்படி மாற்றிவிட்டனர். கோதுமை மாவுக்குப் பதிலாக ரவை. அதனோடு பொடியாக நறுக்கிய மரமுந்திரிகைப் பருப்பு, பூசணி அல்வா, இஞ்சிப்பாகு, தேன், பன்னீர். சிறு துண்டுகளாக வெட்டி வண்ணத்தாளில் மடித்துவைக்கும் அந்த ரிச் கேக்கை வேற்று நாட்டார் சுவைத்தால், இது எங்கள் கேக் அன்று என்றே சொல்வர். பெரிய விடுதிகளில் இந்தக் கேக்குக்கான பழங்களை ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலேயே மேசை நிறையக் குவித்து, மதுவகைகளை ஊற்றிப் பலர் கூடிக் கலப்பதை ஒரு விழாவாகவே நடத்துகின்றனர். பழங்கள் ஊறுவதற்குக் காலம் வேண்டுமாதலின் இந்த முன்னேற்பாடு.

கொள்ளுப்பிட்டியில் அல்பிரட் இல்ல வீதியிலே கலரி கபே என்னும் உணவுச் சாலை உண்டு. நமது பாராளுமன்றக் கட்டடத்தை அமைத்த கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவாவின் பணிமனையாக இருந்த இல்லம் அது. முற்றங்களின் ஊடாக உள்ளே செல்லும்போதே ஓர் அமைதி வந்து சூழ்கின்றது. கண்ணைப் பறிக்கும் சோடனை வேறு, மனத்தை ஆறவைக்கும் சோடனை வேறு என்பதை அங்கு அறிந்துகொண்டேன். நிழலை நிழலாகவே விட்டு, வேண்டிய இடத்தில் மாத்திரம் ஒரு விளக்கை வைப்பதும் ஒரு கலையன்றோ?

வெள்ளவத்தையை அடையும்போது நன்றாக இருட்டிவிடும். அங்கே தோசையும் வடையும் விற்கும் சைவ உணவுக் கடையொன்றில் ஆண்டுதோறும் தேநீர் அருந்துவோம். பிள்ளையார் படத்துக்கு மேலே மூங்கிற் சட்டத்தில் மெல்லிய தாள் ஒட்டிய நட்சத்திரமொன்று எரிந்துகொண்டிருக்கும். "இதென்ன முதலாளி, உங்கள் கடையிலுமா?" என்று ஒருமுறை கேட்டேன். "தீபாவளிக்கு எதிர்வீட்டு அம்மா எங்களுக்குக் கேக் கொண்டுவந்து தருகிறா, ஐயா. அவவுடைய பெருநாளுக்கு நாங்கள் ஒரு விளக்காவது போட வேண்டாமா?" என்றார் அவர். அந்த நட்சத்திரத்தின் விலை இருநூறு ரூபாய்க்கு மேலிராது. அன்று கண்ட அலங்காரங்களுள் எங்கள் வீட்டாருக்குப் பிடித்தது அதுவே.

நேயர்களே, இவ்விளக்குகளை நான் வெறும் சோடனையாக எண்ணாமைக்குக் காரணம் உண்டு. 2019 ஆம் ஆண்டு ஏப்ரல் 21 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை, நீர்கொழும்பு, மட்டக்களப்பு ஆகிய இடங்களிலுள்ள தேவாலயங்களிலும், கொழும்பின் சங்கிரி-லா, சினமன் கிராண்ட், கிங்ஸ்பரி ஆகிய மூன்று விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். விடுதிகளிலே குறிவைக்கப்பட்ட இடம் காலை உணவு பரிமாறப்பட்ட மண்டபமாகும். தட்டை ஏந்தி நின்ற விருந்தினரும் பரிமாறி நின்ற பணியாளரும் ஒருங்கே வீழ்ந்தனர். அந்த ஆண்டு டிசம்பர் வந்தபோது நகரத்தார் மீண்டும் விளக்கேற்றினர். அதன்பின் பெருந்தொற்று வந்தது. 2021 இன் இறுதியில் சமையல் எரிவாயு கிடையாமல் பேக்கரிகளும் சிறு உணவகங்களும் கதவடைத்தன. 2022 இல் நாளொன்றுக்குப் பல மணிநேரம் மின்சாரம் இல்லாமலே இருந்தோம். இவ்வளவையும் கடந்து வாயிலில் ஒரு விளக்கு எரிகின்றதென்றால், "அஞ்சாமல் வாருங்கள், இங்கு உண்ண உணவுண்டு" என்று அது அழைப்பதாகவே எனக்குத் தோன்றுகின்றது.

அழைப்பவரைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். இது என்னுடைய தவறொன்றைப் பற்றியது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், டிசம்பர் 24 ஆம் திகதி இரவு, கொழும்பில் ஓர் உணவுச் சாலைக்குக் குடும்பத்துடன் சென்றிருந்தேன். எங்கள் மேசைக்கு நீர் கொண்டுவந்த இளைஞன் என்னைக் கண்டதும் திகைத்து, "சேர்!" என்றான். முன்னர் நான் கற்பித்த கடலோரக் கிராமத்துப் பாடசாலையில் என்னிடம் படித்தவன், மீனவர் குடும்பத்துப் பிள்ளை, கத்தோலிக்கன். பழைய மாணவனைக் கண்ட மகிழ்ச்சியில் எனக்கு நேரம் போனது தெரியவில்லை. அவனுடைய வகுப்புத் தோழர் ஒவ்வொருவரைப் பற்றியும் விசாரித்தேன். உண்டு முடித்த பின்னரும் அவனை நிறுத்திவைத்துப் பேசினேன். அவனும் கைகட்டி நின்று, கேட்டவற்றுக்கெல்லாம் சிரித்த முகத்துடன் விடை சொன்னான். மற்ற மேசைகள் யாவும் வெறுமையாகிவிட்டன.

பணம் செலுத்தும் இடத்தில் நின்ற மூத்த பணியாளர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "ஐயா, குறை நினைக்கக்கூடாது. தம்பி கொச்சிக்கடைக் கோயிலில் நடுச்சாமப் பூசைக்குப் போகப் பத்தரைக்கு அனுமதி கேட்டு வைத்திருந்தவன். நீங்கள் வந்தபடியால் நிற்கிறான்." கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டாகச் சில நிமிடங்களே இருந்தன.

அவனிடம் சென்று, "ஏன் தம்பி, என்னிடம் சொல்லியிருக்கலாமே?" என்றேன். "சேர் கதைத்துக்கொண்டிருக்கும்போது எப்படி இடையில் போவது?" என்றான். ஊருக்கு ஏன் போகவில்லை என்றும் கேட்டேன். "இந்தத் தொழிலில் நத்தாருக்கு லீவு இல்லை, சேர். தை மாதம் போவேன். அம்மா அதுவரைக்கும் எனக்குக் கேக் எடுத்து வைத்திருப்பா" என்றான். வகுப்பிலே அவனுக்கு நான் கற்பித்த பணிவு, அன்றிரவு அவனுடைய பூசையை அவனிடமிருந்து பறித்துவிட்டது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் நான் அதிகம் பேசவில்லை.

ஆதலால், நத்தார்க் காலத்தில் நகரத்து உணவுச் சாலைகளுக்குச் செல்லும் நேயர்களுக்கு நான் கூறக்கூடியவை சிலவே. விருந்துக்குச் செல்வதாயின் முன்கூட்டியே இடம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட விலையில் வரியும் சேவைக் கட்டணமும் அடங்குமா என்று கேட்டறியுங்கள். சேவைக் கட்டணம் வழக்கமாகப் பத்து வீதம், பெறுமதிசேர் வரி 2024 ஜனவரியில் 18 வீதமாயிற்று. பின்னர் பட்டியலைக் கண்டு முகம் கோணாதிருக்க இது உதவும். குழந்தைகளை மாலை ஆறு மணியளவில் அழைத்துச் செல்லுங்கள்; விளக்கெரியும் அழகும் காணலாம், நெரிசலும் குறைவு. விருந்துக்கு வசதியில்லையாயின் வெட்கப்பட வேண்டியதில்லை. முற்றத்தில் நின்று பார்த்து, வழியில் ஒரு தேநீர் அருந்தித் திரும்புங்கள். பரிமாறுபவரின் முகத்தைப் பார்த்து வாழ்த்துச் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, 24 ஆம் திகதி இரவு உண்ணச் செல்வோர் ஒன்பதரை மணிக்கு முன்னரே எழுந்துவிடுங்கள். நாம் எழுந்த பின்னர்தான் மேசை துடைக்கப்படும். மேசை துடைத்த பின்னர்தான் அவர்கள் சட்டை மாற்றிக்கொண்டு புறப்பட முடியும். தம் வீட்டு நட்சத்திரத்தை ஏற்றாமல் நமக்காக விளக்கேற்றி நிற்கும் பிள்ளைகள், அந்த ஒரு பூசைக்காவது நேரத்துக்குப் போய்ச் சேரட்டும்.