முயலின் முதுகும் நம்முடைய முதுகும்

(தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவிமாருக்கான வகுப்பில் ஆற்றிய உரை)



மருந்து கேனில் ஒட்டியிருக்கிற லேபலை உங்களில் எத்தனை பேர் வாசித்திருக்கிறீர்கள்? கையைத் தூக்க வேண்டாம், பதில் எங்களுக்குத் தெரியும். கேன் ஸ்டோரில் பூட்டிக் கிடக்கிறது. நம்மிடம் வந்து சேருவது வாளியில் கலக்கிய தண்ணீர்தான். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம், பதிவும் லேபலும் இல்லாத மருந்தை விற்கக் கூடாது என்கிறது. லேபல் இருக்கிறது. அதை வாசிக்க வேண்டியவன் மலையில் நிற்கிறான்.

லேபலின் அடியில் பெரும்பாலும் ஒரு நிறப் பட்டை இருக்கும்: சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை. சிவப்பு என்றால் கொடிய விஷம், பச்சை என்றால் ஆபத்துக் குறைவு. இந்த நிறத்தை யார் முடிவு செய்கிறார்கள்? எலியும் முயலும்தான். உலக சுகாதார நிறுவனம் 1975 முதல் நடத்திவரும் வகைப்படுத்தலுக்கு அடிப்படை, மருந்து எலியின் வயிற்றுக்குள் போனால் என்ன ஆகிறது, தோலில் பட்டால் என்ன ஆகிறது என்பதுதான்.

தோல் பரிசோதனையை எப்படிச் செய்கிறார்கள் என்று சொல்கிறோம். எலி, முயல், கினிப்பன்றி ஆகியவற்றில் ஒன்றை எடுப்பார்கள். முதுகு மயிரைக் கத்தரிப்பார்கள், ஆனால் தோலில் கீறல் விழக் கூடாது. உடம்பில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு மருந்தைப் பூசி, துணி வைத்துக் கட்டி, 24 மணி நேரம் விடுவார்கள். பிறகு மிச்சத்தைக் கழுவி எடுத்து, 14 நாள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். தின்கிறதா, நடுங்குகிறதா, எடை குறைகிறதா என்று எழுதி வைப்பார்கள். 1981இல் எழுதிய சர்வதேச வழிகாட்டி இது. 2017இல் திருத்தியபோது மிருகங்களின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். அது நல்ல காரியம். வாயில்லா ஜீவன் படும் பாடு நமக்குப் புரியாதா?

மருந்துக்கு மட்டும் இந்தப் பரிசோதனை என்று நினைக்காதீர்கள். மருந்தைக் கரைத்து வைத்திருக்கிற கரைப்பானுக்கும் உண்டு. கேனில் இருப்பதெல்லாம் மருந்து இல்லை. தண்ணீரில் ஊற்றினால் பால் போல வெளுக்கிற மருந்துகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் சைலீன், சைக்ளோஹெக்சனோன் போன்ற தொழிற்சாலைக் கரைப்பான்கள் கலந்திருக்கும். சைக்ளோஹெக்சனோனுக்குப் பெப்பர்மின்ட் மாதிரி ஒரு வாசனை. முயலின் தோலில் பூசிப் பார்த்ததில், ஒரு கிலோ எடைக்கு ஏறக்குறைய 950 மில்லிகிராம் என்ற அளவில் பாதி முயல்கள் செத்துப்போகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சாகாத அளவிலும் அது சும்மா இருப்பதில்லை. தோலில் உள்ள எண்ணெய்ப் பசையை உரித்தெடுத்துவிடும். தோல் காய்ந்து வெடிக்கும், பின்னால் வருகிற மருந்துக்கு வழி திறந்துவிடும்.

இந்தக் கரைப்பான் விஷயம் நம்முடைய நாட்டுக் கதையும்தான். அனுராதபுரம், பொலன்னறுவை ஆஸ்பத்திரிகளில் மருந்து குடித்தவர்களைப் பற்றி ஆராய்ந்தவர் டாக்டர் மைக்கேல் எடில்ஸ்டன். அவரும் சக ஆய்வாளர்களும் டைமெத்தோயேட் மருந்தைக் குட்டை இனப் பன்றிகளுக்கு, மயக்கத்தில் வைத்து, வயிற்றுக்குள் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்தை மட்டும் கொடுத்தபோது பாதிப்பு குறைவு. கரைப்பானை மட்டும் கொடுத்தபோதும் குறைவு. இரண்டும் சேர்ந்த கடைச் சரக்கைக் கொடுத்தபோதுதான் பன்றியின் நிலை மோசமானது. 2012இல் இது வெளிவந்தது. டைமெத்தோயேட்டையும் பரகுவாட்டையும் 2008க்கும் 2011க்கும் இடையில் இலங்கை படிப்படியாக நிறுத்தியது. நம் ஆட்கள் கிரமக்சோன் என்று சொன்னார்களே, அதுதான் பரகுவாட்.

அந்தப் பரகுவாட் நல்ல தோல் வழியாக லேசில் உள்ளே போகாது. ஆனால் முதுகுப் பம்பு ஒழுகி, நனைந்த துணியோடு நாள் முழுக்க வேலை செய்து, புண்பட்ட தோல் வழியாக அது உள்ளே போய் ஆட்கள் இறந்தது வெளிநாட்டு மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது.

பிரச்சினை இங்கேதான். பரிசோதனை கீறல் இல்லாத தோலில், ஒரே ஒரு தடவை. நம்முடைய தோல் எப்படி? தேயிலை வாது கீறியது, அட்டை கடித்தது, மழையில் ஊறியது. ஒழுகுகிற டாங்கி முதுகில் ஏறினால் இறங்குவது வேலை முடிந்துதான், நாளைக்கும் அதே டாங்கி. நீலப் பட்டையைக் காட்டி "இது ஒன்றும் செய்யாது" என்று ஒருவர் சொன்னால், எந்தத் தோலுக்கு என்று கேளுங்கள். முயலுக்குக் கிடைத்த 14 நாள் கவனிப்பு, மருந்து அடித்து வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தவனுக்குக் கிடைக்கிறதா?

அதிக ஆபத்து அடிக்கும்போது என்று பலர் நினைக்கிறார்கள். அதைவிடக் கெட்டியான சரக்கை அளந்து ஊற்றும் நேரம்தான் மோசம். வெறுங்கையால் கலக்குவதை, தடியில்லாமல் முழங்கை வரை விட்டுக் கலக்குவதை, இன்றோடு நிறுத்துங்கள். தோலில் பட்டால் உடுப்பைக் கழற்றி, சவர்க்காரம் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். மயக்கமோ வாந்தியோ வந்தால் டிஸ்பென்சரியில் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், லேபலையும் கொண்டுபோங்கள். மருந்தில் நனைந்த உடுப்பைப் பிள்ளைகளின் உடுப்போடு துவைக்க வேண்டாம். அதைத் துவைப்பது நம் பெண்கள்தான், அவர்களுக்கும் கையுறை வேண்டும்.

நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது கஷ்டமான கேள்வி இல்லை. பெரட்டுக் களத்தில் அன்றைய மருந்தின் பெயரையும் லேபலையும் தமிழில் வாசிக்க வேண்டும். ஒழுகுகிற பம்பைத் திருப்பிக் கொடுத்தால் அன்றைய பேர் வெட்டப்படக் கூடாது. கழுவத் தண்ணீரும் சவர்க்காரமும் மலையிலேயே வேண்டும். மருந்து அடித்த மலைக்கு, லேபலில் போட்டிருக்கிற நேரம் கழியும் முன் கொழுந்துக்கு ஆள் அனுப்பக் கூடாது. 2022 ஜூனில் சர்வதேச தொழிலாளர் அமைப்பு, பாதுகாப்பான வேலையிடத்தைத் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளில் சேர்த்துவிட்டது. துரையிடம் பேசும்போது இதைச் சொல்லுங்கள்.

வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு டிவிசனுக்கும் ஒன்று எடுத்துப் போங்கள். திகதி, மருந்தின் பெயர், அடித்தவர், பம்பு ஒழுகியதா, தோலில் என்ன தெரிந்தது என்று 14 நாளும் எழுதுங்கள். எழுதத் தெரியாதவருக்குப் பள்ளிக்கூடப் பிள்ளை எழுதட்டும். அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொப்பியோடு வாருங்கள்.