சட்ரஸிலிருந்து சட்ரஸுக்கு



மேட்டூரில் திறக்கிற தண்ணீர் கல்லணைக்கு வந்து, அங்கிருந்து கடைமடை வரை தானாகவே போய்ச் சேருகிறது. மோட்டார் வைத்துத் தள்ள வேண்டியதில்லை. கல்லணையிலிருந்து கடல் நூறு கிலோமீட்டருக்கு மேல். அந்தத் தூரம் முழுக்கத் தரை இறங்குவது கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இல்லை. தண்ணீருக்கு அவ்வளவு சரிவு போதும். சைக்கிள் மிதிக்கிற ஆளுக்குச் சரிவு இருப்பதே தெரியாது. காவிரி டெல்டாவில் தண்ணீர் போகிற வழியெல்லாம் சைக்கிள் போகிற வழி என்பதுதான் இன்றைக்கு நான் சொல்ல வந்தது.

ஊர்ச் சாலைகளை நான் சொல்லவில்லை. அவற்றில் மினி பஸ்ஸும் டாடா ஏஸும் ஹாரன் அடித்துக்கொண்டே வரும். நான் சொல்வது ஆற்றங்கரை. டெல்டாவில் ஆறு என்றால் இரண்டு பக்கமும் மண் கொட்டி உயர்த்திய கரை இருக்கும். உடைப்பு எடுக்காமல் பார்த்துக்கொள்ளவும் சட்ரஸுக்குச் சட்ரஸ், அதாவது தண்ணீரைத் திறந்து மூடும் மதகுக்கு மதகு, போய் வரவும் பாசனத்துறை ஆட்களுக்குக் கரைமேல் வழி வேண்டும். அதற்காக விட்ட தடம்தான் அது. பல இடங்களில் ஒரு கரை தார்ச்சாலையாகி, அதில் பஸ் ஓடுகிறது. மறுகரை பெரும்பாலும் பழையபடியே கிடக்கிறது. வண்டிச்சத்தம் கேட்டால் அடுத்த பாலத்தில் எதிர்க்கரைக்கு மாறிவிடுங்கள். இந்த ஒரு விதி தெரிந்தால் பாதி வழி தெரிந்த மாதிரி.

எங்கே தொடங்கலாம் என்று கேட்டால், நீடாமங்கலம் பக்கத்தில் இருக்கும் மூணாறு தலைப்பைச் சொல்வேன். கல்லணையில் காவிரியை விட்டுப் பிரிந்து வரும் வெண்ணாறு இங்கே மூன்றாகிறது. வெண்ணாறு ஒரு பக்கம், கோரையாறு ஒரு பக்கம், பாமணியாறு ஒரு பக்கம். சட்ரஸ் மேல் நின்று பார்த்தால் ஒரே தண்ணீர் மூன்று பெயரோடு போவதைக் காணலாம். எந்த ஆற்றுக்கு எவ்வளவு தண்ணீர் என்பதில் ஒவ்வொரு வருடமும் பேச்சு இருக்கும், சில வருடம் சண்டையும் இருக்கும். கடைமடைக்காரருக்குத் தலைப்பில் நிற்பவர்மேல் எப்போதும் ஒரு சந்தேகம். அது தனிக் கதை, இன்னொரு நாள் பேசலாம்.

பாமணியாற்றுக் கரையைப் பிடித்துத் தெற்கே போனால் மன்னார்குடி. நிதானமாக மிதித்தால் காலைப் பலகாரத்துக்குப் போய்விடலாம். கரையில் பூவரசும் மூங்கில் கொத்தும் வரும், சில இடங்களில் வரிசையாகப் பனை. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் பள்ளத்தில் வயல். வயலைவிட உயரத்தில் போவதால் நடவாட்களின் தலைக்கு மேலே உங்கள் சக்கரம் உருளும். அவர்கள் நிமிர்ந்து பார்த்து, எந்த ஊர் என்று கேட்பார்கள். நின்று பதில் சொல்லிவிட்டுப் போவது நல்லது. இது உல்லாசப் பாதை இல்லை, அவர்கள் வேலை செய்கிற இடம். மன்னார்குடிக்கு வந்தபின் ஹரித்ரா நதி என்கிற பெரிய தெப்பக்குளத்தை ஒரு சுற்று சுற்றாமல் திரும்ப மனம் வராது.

மேற்கே வடுவூர். தஞ்சாவூர் – மன்னார்குடி சாலையில் இருக்கும் ஊர். அதன் ஏரியை 1999இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், 2022இல் சர்வதேச ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. மெயின் ரோட்டில் சைக்கிளில் போக நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் ஏரிக்கரை வேறு உலகம். கார்த்திகை, மார்கழியில் நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் நீர்க்காகமும் கூட்டமாக இருக்கும். வடக்கேயிருந்து ஊசிவால் வாத்தும் வரும். மோட்டார் பைக் வந்தால் எழுந்து பறக்கிற பறவை, சைக்கிளுக்குக் கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்துவிட்டு மேய்ச்சலைத் தொடர்கிறது.  

எப்போது போவது? தண்ணீர் கணக்கும் பயிர்க் கணக்கும் தெரிந்தால் இதற்கு விடை எளிது. அணையில் இருப்பு இருந்தால் ஜூன் 12ஆம் தேதி மேட்டூரைத் திறப்பது வழக்கம். அதன்பின் சில நாளில் கல்லணை. ஆனி, ஆடியில் வாய்க்காலெல்லாம் புதுத்தண்ணீர், குறுவை நாற்றங்கால் பச்சை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மண்கரைப் பக்கமே போகாதீர்கள். டெல்டாவின் வண்டல் களிமண் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே புகுந்தால் சைக்கிள் உங்களைச் சுமக்காது, நீங்கள்தான் அதைச் சுமக்க வேண்டும். மார்கழியில் மழை விட்டுத் தரை இறுகும், சம்பா கதிர் வாங்கி நிற்கும், விடிகாலைப் பனி இருக்கும். இது கூட்டம் வருகிற இடமாக இருந்தால் எல்லோரும் இந்த மாதத்தைத்தான் சொல்வார்கள். தை மாதம் அறுப்பு. அறுப்பு மிஷின், நெல் ஏற்றும் டிராக்டர், கொள்முதல் நிலையத்து லாரி என்று ஊரே பரபரப்பாக இருக்கும். சாலையில் நெல் காயும், அதன்மேல் ஏற்றக் கூடாது. இறங்கித் தள்ளிக்கொண்டு போவதுதான் மரியாதை.

எனக்குப் பிடித்தது மாசி, பங்குனி. பலர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வயல் வெறுமையாக இருக்கும் என்பார்கள். உண்மையில் வெறுமையாக இருப்பதில்லை. சம்பா அறுப்பதற்கு முன்பே ஈரத்தில் விதைத்த உளுந்தும் பச்சைப்பயறும் தரையோடு படர்ந்திருக்கும். இராமநாதபுரம் பக்கமிருந்து கீதாரிகள் ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்து வயலில் கிடை போட்டிருப்பார்கள். ஆட்டுப்புழுக்கை நிலத்துக்கு எரு, அதற்காக நிலத்துக்காரர் கூலி கொடுப்பார். உதிர்ந்த நெல்லைப் பொறுக்க வாத்துக்காரர்கள் வாத்துக்கூட்டத்தை வயல் வயலாக ஓட்டிப் போவார்கள். கரைமேல் ஆட்டுமந்தையோ வாத்துக்கூட்டமோ எதிர்ப்பட்டால் அது கடந்து முடிகிற வரை காத்திருக்க வேண்டியதுதான். அதைவிட நல்ல காரணம் ஓய்வெடுக்கக் கிடைக்காது.

சமதரையில் ஏற்றம் இல்லை என்று நினைத்து வருபவர்களை ஏமாற்றுவது காற்று. தடுக்க மலையோ காடோ இல்லாத இடத்தில் அது முகத்தில் நேராக அடிக்கும். ஆனி, ஆடியில் மேல்காற்று, மார்கழி, தையில் வாடை. நம்முடைய ஆறுகள் பெரும்பாலும் கிழக்கே போகின்றன. ஆகவே ஆடியில் ஆற்றோடு கிழக்கே போகிறவர் சிரித்துக்கொண்டே போவார், திரும்பும்போதுதான் தெரியும். உடம்பில் தெம்பு இருக்கும்போதே காற்றை எதிர்த்துப் போய்விட வேண்டும். வெயில் ஏறியபின் காற்று முதுகில் இருக்கட்டும். கடற்கரை நெருங்க நெருங்கப் பிற்பகலில் கடற்காற்று வேறு வந்து சேரும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

சைக்கிள் எதுவானாலும் சரி. பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளே போதும். பள்ளிக்கூடம் விட்டதும் அதில்தான் பிள்ளைகள் கரைவழியே வீடு திரும்புகிறார்கள். இந்தப் பாதையை நன்றாக அறிந்தவர்கள் அவர்கள்தான். கியர் வண்டி வைத்திருப்பவர் டெல்டாவில் கியர் மாற்ற இடம் தேட வேண்டும். கையில் பம்ப்பும் பஞ்சர் ஒட்டும் சாமானும் இருக்கட்டும். சீமைக்கருவேல முள் யாரையும் விடாது.

இந்தப் பாதையை வெளியூர்க்காரருக்கும் காட்ட வழி உண்டா? பெல்ஜியத்தில் லிம்பர்க் என்றொரு மாகாணம் உண்டு. நிலக்கரிச் சுரங்கங்கள் மூடிய பகுதி. ஹூகோ போலன் என்ற சுரங்கப் பொறியாளர் 1995இல் அங்கே ஒரு வேலை செய்தார். சைக்கிள் பாதைகள் சந்திக்கிற ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண் கொடுத்தார். சுரங்கத்துக்குள் வழிகள் பிரியும் இடங்களை அடையாளம் வைக்கும் முறைதான் அவருக்கு வழிகாட்டி. சவாரிக்கு வருபவர் போக வேண்டிய எண்களை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டால் போதும். நெதர்லாந்தும் அதை எடுத்துக்கொண்டது.

நம்மிடம் அதற்கு வேண்டிய அடையாளம் ஏற்கெனவே இருக்கிறது. ஆறு பிரிகிற ஒவ்வொரு தலைப்புக்கும் பெயர் உண்டு. வாய்க்கால்களை ஏ, பி, சி, டி என்று வகை பிரித்துக் கணக்கு வைத்திருக்கிறார்கள், தூர்வாரும் செய்தியில் நீங்களே கேட்டிருப்பீர்கள். பாதையும் இருக்கிறது. செலவு என்று பார்த்தால் பெயர்ப்பலகைதான். தயவுசெய்து கரைக்குத் தார் போட வேண்டாம். தார் போட்ட மறுநாளே கார் வரும், அதன்பின் மணல் லாரி வரும். கனத்த வண்டி ஓடி ஓடிக் கரை இளகினால் வெள்ளக்காலத்தில் அதன் விலையைக் கொடுப்பவர் பள்ளத்தில் வயல் வைத்திருப்பவர்.

கரையில் ஏறுகிற இடத்தில் மூன்று கல் தூண் நட்டால் போதும். இடையில் சைக்கிள் போகும், மாடு போகும், புல்லுக்கட்டு சுமக்கிறவர் போவார், லாரி போகாது. அறுப்புக் காலத்தில் மிஷின் போக வேண்டுமே என்றால், நடுத்தூணைக் கழற்றி மாட்டுகிற மாதிரி இரும்பில் வைத்துப் பூட்டு போடலாம். சாவி அந்தந்த இடத்துப் பாசனத்துறை லஸ்கரிடம் இருக்கட்டும். சட்ரஸை ஏற்றி இறக்குகிற பொறுப்பே அவர் கையில்தானே இருக்கிறது.