எத்தனை ஆண்டு?



கொடுங்காய வழக்கில் குற்றம் மெய்ப்பிக்கப்பட்ட பிறகு எத்தனை ஆண்டு தண்டனை என்பதே இந்தக் கருத்தரங்கின் கேள்வி. அரிவாளைக் கைப்பற்றியது எங்கே, மகஜரில் கையெழுத்திட்டது யார் என்பதற்கெல்லாம் நாள்கணக்கில் குறுக்கு விசாரணை நடக்கிறது. தண்டனைக்கு? அமர்வு நீதிமன்றங்களில் நான் வழக்கு நடத்திய காலத்தில் திரும்பத் திரும்பக் கண்ட காட்சி இது. தண்டனை பற்றி என்ன சொல்கிறாய் என்று எதிரியிடம் கேட்பார்கள். “நான்தாங்கய்யா குடும்பத்தைப் பார்க்கணும், வயசான அம்மா இருக்காங்க, குறைச்சுக் குடுங்க.” தட்டச்சர் அந்த வரியை அடித்து முடிப்பதற்குள் விசாரணையே முடிந்துவிடும்.

தண்டனை குறித்துத் தனியே கேட்க வேண்டும் என்பதை 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 235(2)-ஆம் பிரிவில் கொண்டுவந்தது. அது வெறும் சடங்கு அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1976-இல் சாந்தா சிங் வழக்கிலேயே சொல்லிவிட்டது.

சட்டம் நீதிபதிக்குத் தரும் இடத்தைப் பாருங்கள். ஆபத்தான ஆயுதத்தால் கொடுங்காயம் விளைவித்தால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 326-ஆம் பிரிவின்படி பத்தாண்டு வரை சிறை, அல்லது ஆயுள். கீழ் எல்லையே கிடையாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா, 118(2)-இல் ஓராண்டைக் கீழ் எல்லையாக வைத்திருக்கிறது. ஓராண்டுக்கும் ஆயுளுக்கும் இடையே நீதிபதி எதைப் பிடித்துக்கொண்டு நடப்பது? திட்டமிட்ட தாக்குதலா திடீர்ச் சண்டையா, வெட்டு விழுந்த இடம், எதிரியின் வயது, முன் தண்டனை எல்லாவற்றையும் பார்க்கச் சொல்கிறார்கள். எதற்கு எவ்வளவு எடை என்று சொல்வாரில்லை. தண்டனை வழிகாட்டு நெறிகள் வேண்டும் என்று மளிமத் குழு பரிந்துரைத்தது 2003-இல். அவை இல்லை என்பதை உச்ச நீதிமன்றமே 2012-இல் சோமன் வழக்கில் சுட்டிக்காட்டியது. இங்கிலாந்தில் குற்றப்பொறுப்பையும் பாதிப்பையும் தரம் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தொடக்கப் புள்ளி வகுத்திருக்கிறார்கள். அந்த அட்டவணையை அப்படியே இங்கே பெயர்த்து நடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஏன் மூன்று, ஏன் ஏழு என்பதற்குத் தீர்ப்பில் காரணம் எழுதியே ஆக வேண்டும்.

காயம்பட்டவர் பக்கமும் ஒன்று உண்டு. நான் கண்ட, வெட்டுப்பட்ட ஒரு தறி நெசவாளியைப் பற்றிச் சொல்கிறேன். காயச் சான்றிதழில் வலது முன்கை வெட்டு, எலும்பு முறிவு, கொடுங்காயம் என்று இருந்தது. அவ்வளவுதான். தீர்ப்பு நாளில் அவர் நீதிமன்றத் தாழ்வாரத்தில் நின்றிருந்தார். விரல்கள் மடங்காததால் தேநீர்க் குவளையை இரு கைகளாலும் பிடித்திருந்தார். தண்டனை பேசப்பட்டபோது அவரை யாரும் உள்ளே அழைக்கவில்லை. இழப்பீடு பற்றித் தீர்ப்பில் ஒரு வரிகூட இல்லை. ஒவ்வொரு குற்ற வழக்கிலும் இழப்பீட்டைப் பரிசீலித்துக் காரணம் எழுதுவது நீதிமன்றத்தின் கடமை என்று 2013-இல் அங்குஷ் சிவாஜி கெய்க்வாட் வழக்கு சொன்னதை நாம் மறந்துவிடக் கூடாது.

நான் கூடுதல் தண்டனை கேட்கவில்லை. எதிரியின் தாயாரைப் பற்றியும் விசாரியுங்கள். அந்த மடங்காத விரல்களைப் பற்றியும் விசாரியுங்கள். அதற்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். இங்கே கட்டுரை படிக்கவிருக்கும் இளைஞர்கள், தங்கள் மாவட்ட நீதிமன்றத் தீர்ப்புகளில் தண்டனைப் பகுதியை மட்டுமாவது எடுத்துத் தொகுத்துத் தர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, இக்கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.